பழுது ஓரிடம், மருந்து வேறிடம்

1948ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளினில் குழந்தை மருத்துவராக இருந்த ஜேனட் வாட்சன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அரிவாள் செல் சோகை பரம்பரையாக வருவது. கரு தரிக்கும் நாளிலேயே அதற்கான பழுது உயிரணுவுக்குள் வந்துவிடுகிறது. அப்படியிருக்க, அந்தப் பழுதைச் சுமந்து பிறந்த கறுப்பினக் குழந்தைகளின் ரத்தத்தில் அரிவாளாக வளையும் சிவப்பணுக்கள் மிகச் சிலவே தென்பட்டன. மாதங்கள் செல்லச் செல்ல அவற்றின் எண்ணிக்கை கூடியது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் நிறைந்திருக்கும் ஹீமோகுளோபின் பெரியவர்களுடையதைவிட வேறானது என்பது அப்போதே தெரிந்திருந்தது. அந்தக் கரு ஹீமோகுளோபின்தான் குழந்தையைக் காக்கிறது, அது வடிந்த பிறகே நோய் தலைகாட்டுகிறது என்று வாட்சன் ஊகித்தார். அடுத்த ஆண்டே லைனஸ் பாலிங் குழுவினர் இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபின் மூலக்கூறே மாறுபட்டது என்று நிறுவினர். 1950களின் நடுவில் வெர்னன் இங்ராம், அந்த மாறுபாடு ஒரேயோர் அமினோ அமிலத்தில் இருப்பதைக் கண்டார்: பீட்டா சங்கிலியின் ஆறாம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வேலின். உலகத்தின் கவனமெல்லாம் அந்த ஓரெழுத்துப் பிழையின் பக்கம் போய்விட்டது. வாட்சன் கவனித்தது ஓர் ஓரத்தில் ஒதுங்கியது. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து இந்த நோய்க்குக் கிடைத்த சிகிச்சை, இங்ராம் காட்டிய பிழையைத் தொடவே இல்லை. அது வாட்சன் சுட்டிய வழியில் வந்தது.

இதை வெறும் வரலாற்றுச் சுவைக்காகச் சொல்லவில்லை. ஒரு மரபணுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அது எப்போது, எந்தத் திசுவில், எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதே பல சமயங்களில் உடலின் கதையைத் தீர்மானிக்கிறது. வாசிக்கப்படும் அந்தச் செயலைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். நம் மரபணுத்தொகையில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் சுமார் 20,000. அவற்றில் புரதத்தைக் குறிக்கும் சொற்கள் அடைத்துக்கொள்ளும் இடம் மொத்தத்தில் இரண்டு விழுக்காட்டைத் தாண்டாது. மற்ற இடத்தில் எங்கெங்கோ கிடக்கும் சில துண்டுகள்தாம் அந்த மரபணுக்களை ஏற்றி இறக்கும் சுவிட்சுகள். நோயின் காரணத்தையும் மருந்தையும் மரபணுவின் எழுத்துக்குள்ளேயே தேடும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கம் அரைகுறையானது என்பதற்கு ஹீமோகுளோபினைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகள் சேர்ந்த உருண்டை. பெரியவர்களுக்கு இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. கருவில் இருக்கும்போது பீட்டாவின் இடத்தில் காமா என்ற சங்கிலி அமர்ந்திருக்கும். தாயின் ரத்தத்திலிருந்து பிராணவாயுவை இழுத்துக்கொள்ள அந்த அமைப்பே உகந்தது. பதினோராம் குரோமோசோமில் இந்த மரபணுக்கள் ஒரே தெருவில் வரிசையாக நிற்கின்றன. முதல் வீடு எப்சிலான், கரு உருவான தொடக்க வாரங்களில் விளக்கெரிவது அங்கே. அடுத்த இரண்டும் காமா. பிறக்கும்வரை அவற்றின் ஆட்சி. பின்னால் டெல்டா, கடைசியில் பீட்டா. வயது ஏற ஏற விளக்கு ஒவ்வொரு வீடாக நகர்ந்து தெருக்கோடிக்கு வந்துவிடுகிறது. பிறக்கும்போது 60 முதல் 80 விழுக்காடு வரை இருக்கும் கரு ஹீமோகுளோபின், ஓராண்டுக்குள் ஓரிரு விழுக்காடாகத் தேய்ந்து, பெரியவர்களிடம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. காமா மரபணு மட்டும் எங்கும் போவதில்லை. எண்பது வயதானவரின் எலும்பு மஜ்ஜையிலும் அது ஓர் எழுத்துகூடச் சிதையாமல் அப்படியே இருக்கிறது. அதை வாசிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வாசிக்க ஆளில்லாத மரபணு இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பதை குளோபின் சங்கிலி போதாமல் உண்டாகும் பரம்பரை ரத்தசோகையான தலசீமியா கொண்ட நெதர்லாந்துக் குடும்பம் ஒன்று காட்டியது. அந்தக் குடும்பத்தில் பாதிக்கப்பட்டவர்களின் ஒரு குரோமோசோமில் சுமார் ஒரு லட்சம் எழுத்துகள் அழிந்துபோயிருந்தன. தெருவின் முன்பகுதி முழுக்கக் காணோம். ஆனால் பீட்டா மரபணு தப்பியிருந்தது. அதன் சொற்கள் சரி, தொடக்கம் சரி, முடிவு சரி. ஆய்வகத்தில் அதைத் தனியே எடுத்து வேறு உயிரணுவுக்குள் விட்டால் ஒழுங்காக வேலை செய்தது. நோயாளியின் உடலில் மட்டும் அது ஊமை. லண்டனில் ஃபிராங்க் குரோஸ்வெல்டின் ஆய்வகம் 1983இல் இந்தப் புதிரை வெளியிட்டு, 1987இல் விடையையும் கண்டது. தெருவுக்கு வெளியே, எப்சிலானுக்கும் முன்னால், மொத்தத் தெருவுக்கும் மின்சாரம் தரும் டிரான்ஸ்ஃபார்மர்போல ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. டிஎன்ஏ இழை வளைந்து மடிந்து அந்தப் பகுதியை எந்த மரபணுவின் வாசலில் கொண்டுவந்து சேர்க்கிறதோ, அதுவே அப்போது வாசிக்கப்படும். நெதர்லாந்துக் குடும்பம் இழந்தது அந்தப் பகுதியை. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாத மரபணு நோயைத் தந்தது.

இதற்கு நேரெதிரான சாட்சியும் உண்டு: பிழையுள்ள மரபணு இருந்தும் நோயில்லாத உடல். ஹெர்மன் லெஹ்மன் 1952இல் மேரி கட்புஷுடன் சேர்ந்து நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் பண்பு இருப்பதை முதன்முதலாக அறிவித்தவர். அந்த நோய் ஆப்பிரிக்கர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் தகர்ந்தது நம்முடைய மலையில்தான். அதே லெஹ்மன் 1955இல் எடிங்டனோடு சேர்ந்து, இன்றைய கானாவில், அரிவாள் செல் மரபணு இருந்தும் கரு ஹீமோகுளோபின் வற்றாததால் நோயின்றி வாழ்பவர்களைப் பற்றி எழுதினார். அத்தகையவர்களின் ரத்தத்தில் கரு ஹீமோகுளோபின் 30 விழுக்காடு அளவுக்கு, ஏறக்குறைய எல்லா அணுக்களிலும் பரவி இருக்கும். அரிவாள் ஹீமோகுளோபின் பிராணவாயுவை இழக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நீண்ட நாராகத் திரள்கின்றன. அந்த நார்தான் அணுவை வளைக்கிறது. காமா சங்கிலி அந்த நாரில் சேராது. இடையிடையே அது இருந்தால் திரிப்பு அறுந்துவிடும். இந்தியாவிலும் சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியிலும் காணப்படும் அரிவாள் செல் வகையில் கரு ஹீமோகுளோபின் இயல்பாகவே கூடுதல். காமா மரபணுவின் வாசலில், அதன் தொடக்கத்துக்கு 158 எழுத்து முன்னால் உள்ள ஒரு சிறு மாற்றம் அதற்கு உடன்வருகிறது. ஒடிசாவிலும் மத்திய இந்தியாவிலும் பல நோயாளிகளிடம் கடுமை சற்றுக் குறைந்து காணப்படுவதற்கு இது முக்கியக் காரணம். பிழை அதேதான், ஆறாவது இடத்தில் அதே வேலின்தான். நோயின் முகம் மட்டும் வேறு.

அப்படியானால் காமாவை அணைப்பது யார்? இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் மலேசியாவில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் பின்னர் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்திலும் பணியாற்றிய ஸ்வீ லே தெயின். அவர் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர். ஒரே தலசீமியாப் பழுது இருந்தும் ஒருவர் மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்ள, இன்னொருவர் ஏற்றாமலே வாழ்வதைக் கண்ணெதிரே கண்டவர். இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. பல தலைமுறைகள், சுமார் இருநூறு பேர். அதில் தலசீமியா ஒரு பாதையில் இறங்கியது. கரு ஹீமோகுளோபின் வற்றாத பண்பு வேறொரு பாதையில், பதினோராம் குரோமோசோமோடு சம்பந்தமே இல்லாமல் இறங்கியது. இருநூறு பேரின் ரத்தத்தையும் வைத்துத் தேடியபோது அந்தப் பண்பு ஆறாம் குரோமோசோமில் போய் நின்றது. காமா மரபணுவைக் கட்டுப்படுத்தும் கை, அது குடியிருக்கும் தெருவிலேயே இல்லை என்பதற்கு இது வலுவான சான்று. 1990களில் இந்த வேலை நடந்தபோது மரபணுத்தொகையின் முழு வரைபடம் கைக்கு வரவில்லை என்பதை நினைத்தால்தான் அதன் அருமை புரியும்.

அவர் அளந்ததை நெருங்கிப் பார்ப்போம். ரத்தத்துளியை ஒரு கண்ணாடிச் சில்லில் மெல்லப் பூசி உலரவிட்டு, அமிலக் கரைசலில் நனைத்துச் சாயமேற்றினால், பெரியவர்களின் ஹீமோகுளோபின் கரைந்து வெளியேறிவிடும். அணுக்கள் வெளிறிய நிழல்களாக மிஞ்சும். கரு ஹீமோகுளோபின் அமிலத்துக்கு அசையாது. நூற்றுக்கணக்கான நிழல்களுக்கு நடுவே இளஞ்சிவப்பாய்ச் சில அணுக்கள் பளிச்சென்று நிற்கும். ஆரோக்கியமான எல்லோரின் ரத்தத்திலும் இந்த இளஞ்சிவப்பு அணுக்கள் கொஞ்சம் உண்டு. அவற்றுக்கு எஃப் அணுக்கள் என்று பெயர். சிலருக்கு நூற்றில் ஒன்று, சிலருக்கு நூற்றில் பத்து. தெயின் குழுவினர் பிரிட்டனில் இரட்டையரை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்த ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு பரம்பரையால் வருவதென்று தெரிந்தது. உணவோ ஊரோ அதில் பெரிதாகச் செய்வதற்கு ஒன்றுமில்லை. 2007இல் எஃப் அணுக்கள் மிகக் கூடுதலாக உள்ளவர்களையும் மிகக் குறைவாக உள்ளவர்களையும் மட்டும் பொறுக்கியெடுத்து, இருநூறு பேருக்கும் குறைவானவர்களின் மரபணுத்தொகையை ஒப்பிட்டனர். இத்தனை சிறிய கூட்டத்தில் எதுவும் தேறாது என்பதே பொதுவான கணிப்பு. ஆனால் இரண்டாம் குரோமோசோமில் ஒரு மரபணு எடுப்பாகத் தெரிந்தது. பிசிஎல்11ஏ என்ற அந்த மரபணு, வெள்ளணுப் புற்றுநோய் ஆய்வாளர்களுக்குப் பழக்கமானது; ஹீமோகுளோபினோடு அதை யாரும் சேர்த்துப் பேசியதில்லை. சார்டீனியாத் தீவு மக்களை ஆராய்ந்த இன்னொரு குழுவும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

தடயம் வேறு, குற்றவாளி வேறு. ஒரு மரபணுவின் அருகில் உள்ள மாற்றம் ஒரு பண்போடு சேர்ந்து வருகிறது என்பதால் மட்டும் அந்த மரபணுவே காரணம் ஆகிவிடாது. அதை உறுதிசெய்தது பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் ஆய்வகம். சிவப்பணு உருவாக்கத்தின் தலைமைப் புரதமான காட்டா-1ஐ 1980களின் இறுதியிலேயே பிரித்தெடுத்தவர் அவர். அவரிடம் மாணவராக இருந்த விஜய் சங்கரனும் சகாக்களும் 2008இல் மனித ரத்த முன்னோடி அணுக்களில் பிசிஎல்11ஏவின் அளவைக் குறைத்தனர். உறங்கிக்கொண்டிருந்த காமா விழித்தது. 2011இல் அரிவாள் செல் நோயுள்ள எலிகளில் அதை நீக்கியபோது நோய் விலகியது. அந்தப் புரதம் எங்கே கைவைக்கிறது என்பது தெரிய இன்னும் ஏழாண்டு ஆயிற்று. காமா மரபணுவின் தொடக்கத்துக்கு 115 எழுத்து முன்னால் டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்று ஆறெழுத்து. பிசிஎல்11ஏ போய் அமர்வது அந்த ஆறெழுத்தின் மேல். கிரேக்கர் சிலரிடம் கரு ஹீமோகுளோபின் வற்றாமல் இருப்பதற்கு அந்த இடத்தில் உள்ள ஓரெழுத்து மாற்றமே காரணம் என்று 1985லேயே சந்தேகித்திருந்தனர். அந்த மாற்றம் ஏன் வேலை செய்கிறது என்பதை ஆர்கின் குழுவும், சிட்னியில் மெர்லின் கிராஸ்லியின் குழுவும் 2018இல் தனித்தனியே விளக்கின. பூட்டின் மேல் கைவைக்க இடமில்லாததால் கதவு திறந்தே கிடந்திருக்கிறது.

அப்படியென்றால் பிசிஎல்11ஏவை அழித்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. அந்தப் புரதம் மூளை வளர்ச்சிக்கு வேண்டும், நோயெதிர்ப்பு அணுக்களுக்கு வேண்டும், ரத்த ஸ்டெம் செல்களின் நலத்துக்கும் வேண்டும். பிறவியிலேயே அதன் ஒரு பிரதி பழுதானவர்களுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஏற்படுகிறது. அவர்களிடம் கரு ஹீமோகுளோபினும் கூடுதலாக இருப்பது இந்தக் கதைக்கு இன்னொரு கசப்பான சான்று. தப்பும் வழியைத் தெயின் கண்ட தடயமே வைத்திருந்தது. எஃப் அணுக்களைக் கூட்டும் மாற்றங்கள் பிசிஎல்11ஏவின் புரதச் சொற்களில் இல்லை. அந்த மரபணுவின் நடுவே, புரதமாகாத ஒரு நீண்ட பகுதியில் இருந்தன. 2013இல் டேனியல் பாயர், ஆர்கின் உள்ளிட்டோர் அந்த இடம் ஒரு சுவிட்ச் என்றும், அது சிவப்பணு வளரும் அணுக்களில் மட்டும் பிசிஎல்11ஏவை ஏற்றிவைக்கிறது என்றும் காட்டினர். வீட்டின் மெயின் ஃப்யூஸைப் பிடுங்க வேண்டாம். ஓர் அறையின் சுவிட்சை அணைத்தால் போதும். 2015இல் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் அந்தப் பகுதியை அங்குலம் அங்குலமாக வெட்டிப் பார்த்தபோது, உயிர்நாடியான இடம் சில எழுத்துகள்தாம் என்று தெரிந்தது. காட்டா-1 வந்து அமரும் இருக்கை அது.

இயற்கை இதே தந்திரத்தை முன்பே செய்து வைத்திருப்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. விவாக்ஸ் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைய டஃபி என்ற புரதத்தைப் பற்றிக்கொள்ளும். மேற்கு ஆப்பிரிக்க மக்களில் மிகப் பெரும்பாலானோரின் சிவப்பணுக்களில் அந்தப் புரதம் இல்லை. டஃபி மரபணு அவர்களிடம் பழுதாகவில்லை. உடலின் வேறு திசுக்களில் அது வழக்கம்போல் உருவாகிறது. அதன் முன்வாசலில் காட்டா-1 அமரும் இடத்தில் ஓரெழுத்து மாறியிருக்கிறது, அதனால் சிவப்பணுவில் மட்டும் அது வாசிக்கப்படுவதில்லை. 1995இல் கண்டறியப்பட்ட இந்த ஒற்றை மாற்றம் ஒரு பெரும் நிலப்பரப்பு மக்களுக்கு விவாக்ஸிடமிருந்து பெருமளவு காப்பு தந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இயற்கைத் தேர்வின் அழுத்தம் செய்து முடித்ததும், பாஸ்டன் ஆய்வகத்தில் கத்தரியால் செய்ததும் ஒரே வேலை: ஒரு திசுவில், ஒரு புரதத்துக்கான இருக்கையை எடுத்துவிடுவது.

2019இல் மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே, அமெரிக்காவில் இந்தச் சுவிட்சை அணைக்கும் சிகிச்சையைப் பெற்ற முதல் அரிவாள் செல் நோயாளியானார். அவருடைய ஸ்டெம் செல்களை எடுத்து, பிசிஎல்11ஏவின் சிவப்பணுச் சுவிட்சை வெட்டி, மஜ்ஜையைக் கீமோதெரபியால் காலி செய்து, திருத்திய செல்களைத் திரும்ப ஏற்றினார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் காஸ்ஜெவி என்ற பெயரில் இதற்கு அனுமதி அளித்தன. கிரிஸ்பர் வழிவந்த முதல் மருந்து இதுவே. அமெரிக்க அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது ஓராண்டு கடும் வலித்தாக்குதலே வரவில்லை. ரத்தநாளங்கள் அடைபட்டு எலும்பும் நெஞ்சும் வெடிப்பதுபோல் வலிக்க, ஆண்டுக்குப் பலமுறை மருத்துவமனையில் கிடந்தவர்கள் இவர்கள். அவர்களின் சிவப்பணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களில் அரிவாள் மரபணு இன்றும் இருக்கிறது. தெயினும் ஆர்கினும் 2024இல் ஷா பரிசைப் பகிர்ந்துகொண்டது இந்தப் பாதைக்காக.

இத்தனையும் ஒரு தனி நோயின் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். பீட்டாவுக்கு மாற்றாக ஒரு காமா வீட்டிலேயே தயாராக இருந்தது. எல்லா நோய்க்கும் அப்படி உபரி மரபணு இருக்குமா? இருக்காது என்பதே நேர்மையான பதில். ஆனால் உபரி இருந்தது சிகிச்சைக்கு உதவிய வசதி. சுவிட்சுகளின் முக்கியத்துவம் அதைச் சார்ந்து நிற்கவில்லை. 2012இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நீரிழிவு, இதயநோய், மூட்டுவாதம் போன்ற பொதுநோய்களோடு தொடர்புடைய மாற்றங்களில் மிகப் பெரும்பான்மை புரதச் சொற்களுக்கு வெளியே, சுவிட்சுகள் திரண்டிருக்கும் பகுதிகளில் விழுவதைக் காட்டியது. பெரியவர்கள் பால் குடித்துச் செரிப்பதற்கான ஐரோப்பிய மாற்றமும் லாக்டேஸ் மரபணுவுக்குள் இல்லை. ஏறத்தாழ 14,000 எழுத்து தள்ளி, பக்கத்து மரபணுவின் வயிற்றுக்குள் இருக்கிறது. குழந்தைப் பருவத்தோடு அணைய வேண்டிய ஒன்று அணையாமல் எரிவது அங்கும் நடக்கிறது.

இன்னொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். புரதமாகாத 98 விழுக்காட்டையும் இப்படிப் போற்றினால், மரபணுத்தொகையில் குப்பையே இல்லை என்றாகிவிடாதா? மரபணுத்தொகையின் செயல்படும் பகுதிகளைப் பட்டியலிட்ட என்கோட் கூட்டமைப்பு 2012இல், மரபணுத்தொகையில் 80 விழுக்காட்டுக்கு ஏதோ ஒரு உயிர்வேதிச் செயல் உண்டு என்று அறிவித்தபோது டான் கிராவர் போன்ற பரிணாம ஆய்வாளர்கள் கடுமையாக எதிர்த்தது இதனால்தான். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு புரதம் ஓரிடத்தில் வந்து ஒட்டுகிறது என்பதாலேயே அந்த இடத்துக்கு வேலை உண்டு என்று ஆகாது. நாம் சமையலுக்கு நறுக்கும் வெங்காயத்தின் மரபணுத்தொகை நம்முடையதைவிட ஐந்து மடங்கு பெரிது. அத்தனை எழுத்தும் வெங்காயத்துக்குத் தேவை என்று யாரும் வாதிட மாட்டார்கள். பிசிஎல்11ஏவின் கதையும் அந்த எச்சரிக்கைக்கு வலுச்சேர்க்கிறது. அந்தச் சுவிட்சுப் பகுதியில் ஆயிரக்கணக்கான எழுத்துகளை வெட்டிப் பார்த்தபோது பெரும்பாலானவற்றால் எந்த மாற்றமும் இல்லை. ஒரு கைப்பிடி எழுத்துகள்தாம் எல்லாவற்றையும் தாங்கின. ஆகவே இங்கே வாதிடப்படுவது குப்பையின் பெருமையை அல்ல. குப்பைக்கு நடுவே கிடக்கும் சாவியை வெட்டியும் அளந்தும் நிரூபித்துத்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு கேள்வி இயல்பாக எழும். பிழை ஓரெழுத்து என்று தெரிந்திருக்கும்போது, அதையே நேராகத் திருத்தினால் என்ன? திருத்தலாம், முயற்சிகளும் நடக்கின்றன. ஆனால் அரிவாள் பிழை ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி வந்து அமர்ந்தது. எழுத்தை மாற்றும் இன்றைய எளிய கருவிகளால் அதை நேரே பழையபடி ஆக்க முடிவதில்லை, தீங்கற்ற இன்னோர் எழுத்தாக மாற்றத்தான் முடிகிறது. அதைவிட முக்கியம், பீட்டா தலசீமியாவுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வெவ்வேறு பிழைகள் காரணமாகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கும். காமாவை எழுப்பும் வழிக்கு அந்தக் கவலை இல்லை. பிழை எதுவாயினும் மாற்று அதுவே. அமெரிக்காவில் அரிவாள் செல்லுக்கு அனுமதி கிடைத்த சில வாரங்களில் அதே மருந்து தலசீமியாவுக்கும் அனுமதி பெற்றது அதனால்தான்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு விலை. அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையின் பட்டியல் விலை 22 லட்சம் டாலர். மஜ்ஜையைக் காலி செய்யும் கீமோதெரபி மலட்டுத்தன்மை உள்ளிட்ட ஆபத்துகளைக் கொண்டது. வாரக்கணக்கில் மருத்துவமனையில் தனிமை வேண்டும். உலகின் அரிவாள் செல் நோயாளிகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கிறார்கள், அதிலும் பழங்குடிகளாகவும் ஏழைகளாகவும். கூடலூர் பக்கம் தேயிலைக் காட்டில் கூலிவேலை செய்யும் ஒரு பணியர் பழங்குடிக் குடும்பத்துக்கு இந்த அறிவியலால் என்ன பயன் என்று கேட்பவரைத் தட்டிக்கழிக்க முடியாது. மருந்தின் விலையை நியாயப்படுத்த வழியில்லை. ஆனால் சுவிட்ச் பற்றிய அறிவு அந்த விலையுயர்ந்த மருந்துக்குள் மட்டும் அடைபட்டிருக்கவில்லை. ஹைட்ராக்ஸியூரியா என்ற பழைய, மலிவான மாத்திரை கரு ஹீமோகுளோபினை உயர்த்துகிறது. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு வலித்தாக்குதல்களை அது ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதைக் காட்டியது. 2023 ஜூலையில் இந்திய அரசு தொடங்கிய தேசிய இயக்கம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டு, 2047க்குள் இந்நோயை ஒழிப்பதை இலக்காக அறிவித்திருக்கிறது. அந்தப் பரிசோதனையில் நோயுறுதியாகும் குழந்தைக்கு, கரு ஹீமோகுளோபின் வடியும் முன்பே தொடர் கவனிப்பும் உரிய வயதில் அந்த மாத்திரையும் தவறாமல் போய்ச் சேர்ந்தால், வாட்சனின் கவனிப்பு நீலகிரியிலும் உயிர் காக்கும். டெல்லியில் உள்ள மரபணுத்தொகையியல் நிறுவனத்தில், உள்நாட்டிலேயே உருவான கத்தரிப் புரதத்தைக் கொண்டு குறைந்த செலவில் அரிவாள் செல்லுக்குச் சிகிச்சை காணும் வேலை நடக்கிறது. அதற்குப் பொதுப்பணம் தாராளமாகப் போக வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

தெயின் தடம் பிடித்த அந்த இந்திய வம்சாவளிக் குடும்பத்தின் ஆறாம் குரோமோசோமுக்கு வருவோம். அங்கே என்ன இருந்தது என்பது தெரிய இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. இரண்டு மரபணுக்களுக்கு இடையில், யாருக்கும் சொந்தமில்லாத வெற்று நிலம்போல் தோன்றிய பகுதியில், மூன்று எழுத்துகள் விடுபட்டிருப்பது ஒரு முக்கியத் தடயமாக 2011இல் அடையாளம் காணப்பட்டது. அந்த நிலத்தில் இருப்பவை பக்கத்தில் உள்ள மிப் என்ற மரபணுவின் சுவிட்சுகள் என்று 2014இல் தெளிவாயிற்று. தெயினோடு அந்த ஆய்வில் கைகோத்தவர்களில் ஒருவர், முப்பதாண்டுகளுக்கு முன் நெதர்லாந்துக் குடும்பத்தின் ஊமையான பீட்டாவை ஆராய்ந்த அதே ஃபிராங்க் குரோஸ்வெல்ட். இந்தச் சுவிட்சுகளையும் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாமா என்றால், மிப் ரத்தம் முழுவதற்கும் அடிப்படையானது, அதை ஏறுக்குமாறாகத் தொடுவது ஆபத்து. பிசிஎல்11ஏ, மிப், காமாவின் வாசல் ஆகிய மூன்றையும் சேர்த்தாலும், மனிதர்களுக்குள் கரு ஹீமோகுளோபின் கூடிக்குறைவதில் பாதிவரைதான் கணக்குக்கு வருகிறது. அந்தக் கண்ணாடிச் சில்லில் நிழல்களுக்கு நடுவே பளிச்சென்று நிற்கும் இளஞ்சிவப்பு அணுக்களில் மீதிப் பாதியை ஏற்றிவைப்பது எந்தக் கை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.